காரணம் கூறாத கூலி

தொப்பூர்க் கணவாயைக் கடந்து தர்மபுரியை நோக்கி ஏறிச் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கிற நல்லம்பள்ளி வட்டாரத்தில், பொழுது புலர்வதற்கு முன்னரே சாமந்தித் தோட்டங்களில் குனிந்து நின்று பூப்பறிக்கிற பெண்களும், மரவள்ளிக் கிழங்கு அரைக்கிற ஆலைகளில் நாள் முழுவதும் ஈரத்தில் நிற்கிறவர்களும், செங்கல் சூளைகளில் முன்பணம் பெற்றுக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கி மண் மிதிக்கிறவர்களும், புளியின் ஓட்டையும் கொட்டையையும் நீக்கிக் கொடுத்துக் கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களும், ஊராட்சித் தெருக்களைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்களும், தாங்கள் பெறுகிற தொகை எவரால், எந்தப் பிரமாணத்தைக் கொண்டு, என்ன நியாயத்தின்பேரில் இத்தனை ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது என்பதை அறியும் சந்தர்ப்பம் ஒருநாளும் பெற்றவர்கள் அல்லர். இதற்குக் கீழே எவரும் கூலி கொடுக்கலாகாது என்னும் எல்லை ஒன்று 1948ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டின் சட்டத்தில் இருந்து வருகிறது. ஆயினும் அந்த எல்லையை வகுக்கிறவர்கள், எதையெதைக் கூட்டிக் கழித்து அந்தத் தொகைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை, அந்தத் தொகையைக் கொண்டு ஜீவனம் செய்ய வேண்டியவர்களுக்கு எடுத்துக் கூறும் கடமையை இன்றளவும் சரிவர ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கடமையை அவர்கள் ஏற்றே தீர வேண்டும் என்பதுதான் என்னுடைய வாதம்.

கூலி உயர்வு நம் நாட்டில் இரண்டு வழிகளில் வருகிறது. சங்கம் அமைத்துக் கொண்டு, முதலாளியோடு சமமாக உட்கார்ந்து பேசும் வலிமை பெற்ற தொழிலாளருக்கு ஒரு வழி. பேச்சு முறிந்தால் அந்தத் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போகும் (2025 நவம்பர் வரையில் 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்தின்படி சர்க்கார் அதை அனுப்பி வந்தது), இரு தரப்பும் கணக்குப் புத்தகங்களையும் சாட்சிகளையும் கொண்டுவந்து வைக்கும், வக்கீல்களோ சங்கத் தலைவர்களோ வாதாடுவார்கள், இறுதியில் தீர்ப்பாயம் தன் முடிவைக் காரணங்களோடு எழுதி வெளியிடும். அந்தக் காரணம் பிழையானால் உயர் நீதிமன்றம் செல்லலாம், அதற்கு மேலும் செல்லலாம். சங்கமும் இல்லாமல், ஒரே முதலாளியிடம் நிலையான வேலையும் இல்லாமல், இன்று ஒரு தோட்டம் நாளை ஒரு சூளை என்று பிழைப்பைத் தேடித் திரிகிறவர்களுக்கு இருப்பது இரண்டாவது வழி; அது சர்க்காரின் அறிவிக்கை. அரசிதழில் ஒரு தொகை அச்சாகும். அதற்குக் காரணம் அச்சாவதில்லை. மிகவும் பலவீனமானவர்களின் கூலிதான் மிகவும் குறைந்த விளக்கத்தோடு நிர்ணயிக்கப்படுகிறது என்கிற இந்த நிலைமையை நான் பெரும் அநீதியாகக் கருதுகிறேன்.

காரணம் எழுதப்படுவதில் என்ன பெரிய லாபம் என்று எவரேனும் வினவுவாராயின், அவர்களுக்குச் சென்னையில் எழுந்த ஒரு வழக்கை நினைவூட்டுவேன். ரெப்டகாஸ் பிரெட் என்பது மருந்துகளையும் சத்துணவுப் பொருள்களையும் தயாரிக்கும் நிறுவனம். அதற்குப் பம்பாயில் இரண்டு தொழிற்சாலைகளும், 1959இல் நிறுவப்பட்ட சென்னைத் தொழிற்சாலை ஒன்றும் இருந்தன. சென்னைத் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட பஞ்சப்படி, வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணோடு மட்டுமல்லாமல் அடிப்படைச் சம்பளத்தோடும் இணைக்கப்பட்டிருந்தது. நிறுவனமே மனமுவந்து கொண்டுவந்த இந்த முறை, ஒப்பந்தங்களில் இடம்பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலவியது. பின்னர் இது தனக்குப் பெருஞ்சுமையாகி விட்டதென்றும், சென்னைப் பிராந்தியத்தில் பிற நிறுவனங்கள் கொடுக்கும் முறையே தனக்கும் போதுமென்றும் நிறுவனம் கோரியபோது, தொழில் தீர்ப்பாயம் அதற்கு இணங்கியது. உயர் நீதிமன்றமும் அந்த முடிவை மாற்றவில்லை. அக்கம்பக்கத்தில் மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்னும் கேள்வியே அங்கே பிரதானமாக நின்றது.

உச்ச நீதிமன்றம் 1991 அக்டோபர் 31ஆம் நாள் அந்த முடிவை மாற்றியது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பின் தாத்பரியம் இதுதான்: தொழிலாளிக்குப் பாதகமாகப் பஞ்சப்படியைத் திருத்தப் புகுமுன், அவன் இப்போது பெறும் சம்பளம் குறைந்தபட்சக் கூலியின் மட்டத்தைத் தாண்டியதா என்று முதலில் பார்க்க வேண்டும், தாண்டவில்லையெனில் ஒப்பீட்டுக்கும் இடமில்லை, முதலாளியின் கஷ்டநஷ்டத்துக்கும் இடமில்லை, அந்த மட்டத்தையும் கொடுக்க இயலாத முதலாளிக்கு ஆட்களை வேலைக்கு வைக்கும் உரிமையே இல்லை. எது குறைந்தபட்சம் என்பதையும் அத்தீர்ப்பு ஆறு அங்கங்களாக விரித்துரைத்தது. ஆறாவது அங்கம் அந்நீதிமன்றமே சேர்த்தது: பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகையும் விசேஷமும் உள்ளிட்ட சிறிதளவு இளைப்பாறல், முதுமைக்கும் கல்யாணத்துக்குமான சேமிப்பு ஆகிய இவற்றுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு 25 பங்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது. ஒரு தொழிற்சாலையின் பஞ்சப்படித் தகராறு இந்தத் தேசத்து ஏழைகள் எல்லோருக்கும் ஆதாரமாக விளங்கும் ஒரு பிரமாணத்தில் போய் முடிந்ததற்குக் காரணம், கீழே இருந்த தீர்ப்பாயம் தன் நியாயத்தை எழுதிவைத்திருந்தது என்பதுதான். எழுதிவைத்த நியாயத்தைத்தான் பிழையென்று காட்ட முடியும்.

மற்ற ஐந்து அங்கங்களும் 1957 ஜூலையில், தொழில் மந்திரி குல்ஜாரிலால் நந்தாவின் காலத்தில், சர்க்காரும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்பட்டவை. உழைக்கும் ஒருவரின் கூலி மூன்று நுகர்வு அலகுகளைத் தாங்க வேண்டும். அலகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தில் சர்க்கார் வாங்கும் வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுகளுக்காக மொத்தத்தில் நூற்றுக்கு 20 பங்கு. இதில் உணவின் அளவை வகுத்துக் கொடுத்தவர் டாக்டர் அய்க்ராய்டு. நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக 1935 முதல் பத்து ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். தமிழ்நாட்டு மலையொன்றில் அமர்ந்து இந்திய உணவின் தன்மையை அளந்தவருடைய எண், இந்தியா முழுவதும் உள்ள கூலிக்காரருடைய சோற்றின் அளவாயிற்று. பிற்பாடு மத்திய சர்க்கார் ஊழியருக்கு இந்தப் பிரமாணத்தைக் கடைப்பிடிக்க இரண்டாவது சம்பளக் கமிஷன் மறுத்துவிட்டதும், 1960 ஜூலையில் அவர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்ததும் தொழிலாளர் சரித்திரம் படித்தவர்கள் அறிந்தவை.

இந்தப் பிரமாணத்தை வைத்துக்கொண்டு, பள்ளிக் கணக்குத் தெரிந்த எவரும் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூலியைக் கணக்கிட்டு விடலாம். எரிபொருளுக்கும் சில்லறைக்கும் 20 பங்கு, படிப்புக்கும் வைத்தியத்துக்கும் பிறவற்றுக்கும் 25 பங்கு போனால் எஞ்சுவது 55 பங்கு. சோறும் துணியும் வீட்டு வாடகையும் இந்த 55 பங்குக்குள் அடங்க வேண்டும். நல்லம்பள்ளியில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், வாரத்தில் ஒருநாள் முட்டையோ கறியோ என்று நாளொன்றுக்கு 300 ரூபாய் ஆகுமென்று உத்தேசமாக வைத்துக்கொள்வோம், மாதத்துக்கு 9,000. துணிக்கும் வாடகைக்கும் சேர்த்து இன்னும் 2,000 என்றால் 11,000. இந்த 11,000, நூற்றுக்கு 55 பங்காயின் முழுக் கூலி 20,000 ரூபாயாகிறது. மாதத்தில் 26 நாள் வேலையென்று வகுத்தால் நாளுக்கு 769 ரூபாய். 300 ரூபாய் என்னும் என் உத்தேசம் அதிகம் என்பவர்கள் குறைத்துப் பார்க்கட்டும், குறைவு என்பவர்கள் கூட்டிப் பார்க்கட்டும்; சந்தைக்குச் சென்று விலை கேட்டு வந்து அந்த எண்ணை நிலைநாட்டுவதுதான் விசாரணை என்பது. சந்தை விலையைக் கேளாமலே ஒரு தொகையை அச்சிடுவது விசாரணை ஆகாது.

அந்த மூன்று அலகுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். புருஷனுக்கு ஒன்று, மனைவிக்கு 0.8, குழந்தைகள் இருவருக்கும் தலைக்கு 0.6 என்று கூட்டித்தான் மூன்று வந்தது. மகனோடு ஒண்டியிருக்கும் வயது முதிர்ந்த தாய் தகப்பனுக்கு இந்தக் கணக்கில் ஒரு கவளம் சோறும் இல்லை. சூளையில் கல் சுமக்கிற பெண், அவளோடு சேர்ந்து கல் சுமக்கிற ஆணைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக உண்டால் போதும் என்னும் எண்ணம், வேலை செய்யாமல் வீட்டில் இருக்கும் மனைவி என்னும் கற்பனையிலிருந்து பிறந்தது. நல்லம்பள்ளிப் பக்கத்து ஏழைக் குடும்பங்களில் அப்படிப்பட்ட மனைவியை நான் கண்டதில்லை. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் ஏற்கப்பட்ட ஒரு பிரமாணத்தை வணங்கிப் போற்றுவதோடு நின்றுவிடாமல், அதன் குறையைத் திருத்தவும் முனைய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி அறிவிக்கையின் வழிக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் சர்க்காருக்கு இரண்டு முறைகளை அனுமதித்தது. முதலாளிகளும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமர்கிற, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சார்பற்றவர்களும் இடம்பெறுகிற ஒரு குழுவை நியமித்து அதன் யோசனையைக் கேட்பது ஒன்று. உத்தேசித்த தொகையை அரசிதழில் வெளியிட்டு, இரண்டு மாத அவகாசம் கொடுத்து, ஆட்சேபங்களைப் பெற்று, ஆலோசனை வாரியத்தையும் கலந்துகொண்டு முடிவு செய்வது மற்றொன்று. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத இடைவெளியில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் விதித்தது. இவை யாவும் காகிதத்தில் செம்மையானவை. ஆனால் அரசிதழைப் படித்து ஆட்சேபம் எழுதக்கூடியவர் யார்? முதலாளிமார் சங்கத்துக்குக் கணக்கரும் வக்கீலும் உண்டு. விடியற்காலையில் பூப்பறித்துவிட்டுப் பத்து மணிக்கு வேறு வேலைக்கு ஓடுகிறவளுக்கு அரசிதழ் என்றொரு ஏடு இருப்பதே தெரியாது. தெரியாதது அவளுடைய குற்றமன்று.

ஐந்தாண்டு விதி எவ்வாறு பேணப்பட்டது என்பதற்குத் தையல் தொழிலே சாட்சி. தர்மபுரிக் கிராமங்களிலிருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலைக்குச் சேரும் இளம்பெண்கள் இன்று எத்தனையோ பேர். தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு 2004ஆம் ஆண்டுக்குப் பின் 2014 அக்டோபரில்தான் கூலி திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தையும் எதிர்த்து ஆலை உரிமையாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில்தான் நீதிமன்றம் அரசாணையை உறுதி செய்து, பின்தேதியிட்டு நிலுவையைக் கொடுக்கும்படி கூறியது. பதினெட்டு வயதில் தையல் யந்திரத்தின் முன் உட்கார்ந்த ஒரு பெண், தனக்குரிய உயர்வு கைக்கு வரும் முன்னரே முப்பதை எட்டியிருப்பாள்.

இடைப்பட்ட காலத்தில் பஞ்சப்படி உண்டே என்று சொல்லலாம். உண்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதியன்று, முந்தின ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சென்னை நகரக் குறியீட்டெண்களின் சராசரியைக் கொண்டு அது உயர்கிறது. சேலத்துக்கென்று தனியே ஒரு குறியீட்டெண் கணிக்கப்பட்டு வரும்போதும், தொப்பூருக்கு அப்பால் வசிப்பவனுடைய பஞ்சப்படி சென்னை விலையைப் பார்த்துத்தான் நடக்கிறது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. குறியீட்டெண் விலையின் ஏற்றத்தை மாத்திரம் காட்டும். தொடக்கத்தில் நிர்ணயித்த அடிப்படைத் தொகை அரை வயிற்றுக்கானதாக இருந்தால், எத்தனை ஆண்டுகள் பஞ்சப்படி ஏறினாலும் அது அரை வயிற்றுக்கே போதும்.

தனியார் முதலாளிகளை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. ஊராட்சித் தூய்மைப் பணியாளருக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குகிறவர்களுக்கும் உள்ளாட்சிகளில் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியை 2017 அக்டோபர் 11ஆம் நாளைய அரசாணையின் மூலம் சர்க்காரே நிர்ணயித்தது. அதைத் தங்களுக்கு அமல்படுத்துங்கள் என்று அதே ஊழியர்கள் பல மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகங்களின் முன் உட்கார்ந்து கேட்கும் காட்சியை அதன்பின் ஆண்டுதோறும் காண்கிறோம். கிராமங்களில் வீடு வீடாகக் குப்பை வாங்கித் தரம் பிரிக்கும் தூய்மைக் காவலர்களுக்கு மாதம் 3,600 ரூபாயாக இருந்ததை 5,000 ஆக உயர்த்தினார்கள். உயர்வை வரவேற்கிறேன், ஆனால் 26 நாளில் வகுத்தால் அது நாளுக்கு 192 ரூபாய். மதிப்பூதியம் என்னும் பெயரில் கொடுத்தால் கூலிச் சட்டம் அதைத் தொடாது என்று எண்ணுவது, சட்டம் இயற்றும் சர்க்காருக்குப் பெருமை சேர்ப்பதாகாது. குறைந்தபட்சத்துக்குக் குறைவாகக் கூலி கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்துள்ள கட்டாய உழைப்பேயாகும் என்று, ஆசிய விளையாட்டுக்காக டில்லியில் கட்டடம் கட்டிய கூலிகளின் வழக்கில் நீதிபதி பகவதி 1982இல் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு சூளைக்கும் பொருந்தும், ஊராட்சி மன்றத்துக்கும் பொருந்தும்.

வேறு தேசத்தில் இந்தக் காரியம் எவ்வாறு நடந்தது என்று பார்ப்பதில் பயனுண்டு. ஆஸ்திரேலியாவில் 1907ஆம் ஆண்டு, அறுவடை யந்திரம் செய்யும் மக்கே என்பவருடைய தொழிற்சாலையில் நியாயமான கூலி எது என்னும் கேள்வி, சமரச நடுவர் மன்றத்தின் தலைவராக இருந்த நீதிபதி ஹிக்கின்ஸ் முன் வந்தது. அவர் முதலாளியின் லாபக் கணக்கை ஆராய்வதற்குப் பதிலாகத் தொழிலாளருடைய மனைவிமாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, வாடகை என்ன, ரொட்டி என்ன விலை, இறைச்சி என்ன விலை, விறகுக்கு எவ்வளவு என்று வீட்டுக் கணக்கைக் கேட்டறிந்தார். நாகரிகமான சமூகத்தில் வாழும் மனிதன் ஒருவனுடைய சாதாரணத் தேவைகளே அளவுகோல் என்று தீர்மானித்து, ஆறு ஷில்லிங் வாங்கிக் கொண்டிருந்த சாதாரணத் தொழிலாளிக்கு ஏழு ஷில்லிங் வேண்டுமென்று கூறினார். எந்தச் சட்டத்தின் கீழ் அவர் அந்தத் தீர்ப்பைச் சொன்னாரோ அந்தச் சட்டத்தையே மறு ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிட்டது. ஆனால் அந்த ஏழு ஷில்லிங் கணக்கு அழியவில்லை. ஆஸ்திரேலியத் தொழிலாளருடைய அடிப்படைக் கூலிக்குப் பல பத்தாண்டுகள் அதுவே அஸ்திவாரமாயிற்று. சட்டம் விழுந்தும் கணக்கு நின்றது, அது ஊரறியச் செய்த கணக்காகையால்.

அந்தக் கணக்கிலும் பெண்ணுக்கு அநீதி இருந்தது. அதே ஹிக்கின்ஸ் 1912இல் மில்டூராப் பழத்தோட்டத் தொழிலாளர் வழக்கில், பழம் பறிக்கும் வேலையை ஆண்களும் செய்வதால் பறிக்கிற பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலியும், பழத்தைக் கட்டி அடுக்குவது பெண்கள் வேலையாகையால் அதற்குக் குறைந்த கூலியும் விதித்தார். சாமந்தித் தோட்டத்துக் கூலியைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்த வழக்கு நினைவுக்கு வருகிறது. பெண்கள் மட்டுமே செய்கிற வேலை என்பதாலேயே அதற்குக் கூலி குறைந்துவிடும் வழக்கம் மில்டூராவோடு தீர்ந்துவிடவில்லை. எனினும் அங்கே காரணம் எழுதப்பட்டிருந்ததால், அது அநியாயமான காரணம் என்று அடுத்த தலைமுறை வாதாடி, 1969லும் 1972லும் சம கூலித் தீர்ப்புகளைப் பெற முடிந்தது. இன்று அந்நாட்டில் ஆண்டுதோறும் ஒரு ஆணையம் குறைந்தபட்சக் கூலியை மறுபரிசீலனை செய்கிறது. சங்கங்களும் முதலாளிகளும் அரசாங்கமும் கொடுக்கும் மனுக்கள் யாவும் பிரசுரிக்கப்படுகின்றன. 2024இல் நூற்றுக்கு 3.75, 2025இல் 3.5 என்று ஏன் உயர்த்தினோம் என்பதை ஆணையம் விரிவாக எழுதி வெளியிட்டு, ஜூலை முதல் தேதியிலிருந்து அமலுக்குக் கொண்டுவருகிறது.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கீழைத் தஞ்சையில் நெற்கூலி உயர்வைக் கேட்ட போராட்டம் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாவதில் முடிந்த பிறகு, கணபதியா பிள்ளை கமிஷன் நியமிக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. விசாரித்து நிர்ணயிக்கும் சிரத்தை நம் சர்க்காருக்கு வராமல் போகவில்லை. வருவதற்கு அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பதுதான் துக்கம். அந்தச் சட்டமும் கீழைத் தஞ்சைக்கே உரியதாக இருந்தது. வானம் பார்த்த பூமியாகிய தர்மபுரிப் பக்கத்துக்கு அது வரவில்லை.

இங்கே ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. அதைத் தட்டிக்கழிப்பது முறையாகாது. சாமந்தி பயிரிடுகிறவர் செல்வந்தர் அல்லர். ஆயுத பூஜைக்கு முன் விலை ஏறி, மறுவாரம் பூவைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போகும் நிலைக்கு ஆளாகிறவர். சிறு கிழங்கு ஆலைக்காரரும் ஜவ்வரிசி விலையின் ஏற்ற இறக்கத்தில் தத்தளிப்பவர். இவர்கள் எங்கிருந்து 700 ரூபாயும் 800 ரூபாயும் கொடுப்பார்கள்? இந்தக் கேள்வி தீர்ப்பாயங்களின் முன் பலமுறை வந்ததுதான். கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலை முதலாளிகள், அறிவித்த கூலியைக் கொடுத்தால் தொழிலை மூட நேரும் என்று முறையிட்ட உண்ணிச்சோயி வழக்கில், 1961இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பதில் சொல்லிவிட்டது: நியாயக் கூலியை நிர்ணயிக்கும்போது தொழிலின் சக்தியைப் பார்க்கலாம், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது பார்க்கக்கூடாது. இந்த வேற்றுமை மிகவும் சரியானது. உரக்கடைக்காரர் உழவரின் நஷ்டத்தைப் பார்த்து உரத்தின் விலையைக் குறைப்பதில்லை. டீசலுக்கும் மின்சாரத்துக்கும் அதே கதை. எல்லோருக்கும் முழு விலை கொடுத்துவிட்டு, கடைசியில் எஞ்சியதைக் கூலிக்காரிக்குக் கொடுக்கும்படி நம் பொருளாதாரம் அமைந்துவிட்டது. பூவுக்கும் கிழங்குக்கும் கட்டுபடியாகும் விலை கிடைக்கச் செய்வது சர்க்காரின் தனிப் பொறுப்பு. அந்தப் பொறுப்பு நிறைவேறாத நஷ்டத்தைப் பறிக்கிறவளின் பிள்ளைகளுடைய சோற்றிலிருந்து ஈடுகட்டிக்கொள்ள எந்த நியாயமும் இடம் கொடாது. சிறு விவசாயிகள் இந்த வாதத்தில் கூலிக்காரரின் பக்கம் நின்று பேச வேண்டியவர்கள் என்பது என் அபிப்பிராயம். இருவரையும் ஏழ்மையில் வைத்திருப்பது ஒரே விலைதான்.

2025 நவம்பர் 21ஆம் நாள் முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, அட்டவணையில் சேர்ந்த தொழில் சேராத தொழில் என்னும் பேதம் ஒழிந்து, எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. மத்திய சர்க்கார் விதிக்கும் அடித்தளக் கூலிக்குக் கீழே எந்த மாநிலமும் போகலாகாது. குறைத்துக் கொடுத்த கூலியைக் கோருவதற்கு முன்பு ஆறு மாதமாக இருந்த கெடு மூன்று ஆண்டாகியிருக்கிறது. இவை நல்ல மாறுதல்கள். தொழில் தீர்ப்பாயத்தில் நீதித்துறை அங்கத்தினரோடு நிர்வாகத்துறை அங்கத்தினர் ஒருவரும் உட்காருவார் என்பது, இருவரில் எவர் சொல் நிலைக்கும் என்னும் கவலையைத் தருகிறது. ஆனால் நான் வற்புறுத்தி வரும் விஷயத்தில் புதிய சட்டமும் பழைய வழியிலேயே நிற்கிறது: குழுவை அமைக்கலாம், அல்லது அரசிதழில் வெளியிட்டு இரண்டு மாதம் காத்திருக்கலாம், கணக்கை வெளியிட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாததை மாநில சர்க்கார் தானாகச் செய்யத் தடையும் இல்லை.

ஆகையால் தமிழ்நாட்டு ஆலோசனை வாரியம் அடுத்த திருத்தத்துக்கு முன் மாவட்டந்தோறும் பகிரங்கமாக அமர்ந்து விசாரிக்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்துக்கு அந்த அமர்வு கலெக்டர் அலுவலக மாடியில் நடவாமல் நல்லம்பள்ளியில் நடக்க வேண்டும். மாலை வேளையில், பூவும் சூளையும் ஆலையும் முடிந்த பிறகு நடக்க வேண்டும். சாட்சி சொல்ல வருகிறவர் அதனால் ஒரு வேளைக் கூலியை இழந்தால் அதைச் சர்க்காரே கொடுக்க வேண்டும். அரிசிக்கு என்ன கொடுத்தாய், ஆஸ்பத்திரிக்கு என்ன செலவாயிற்று, பெரிய மகளின் படிப்பை ஏன் நிறுத்தினாய் என்று முதலில் பெண்களைக் கேட்க வேண்டும். முதலாளிகளையும் அதே மேடையில் அதே மரியாதையோடு கேட்க வேண்டும். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர் ஒரு நாளில் சராசரியாக எத்தனை கிலோ புளி கொட்டை நீக்க முடியும் என்பதை நேரில் அளந்து, அந்தக் கிலோவின் கூலி ஒருநாளைக் குறைந்தபட்சத்துக்குக் குறையாதபடி விகிதத்தை வகுக்க வேண்டும்.

இந்த வேலையை ஒத்திப்போட இடமில்லாதபடி காலம் நெருங்கி வருகிறது. அதியமான்கோட்டை, தடங்கம், அதகப்பாடி ஆகிய ஊர்களின் நிலங்களில் சிப்காட் தொழிற்பூங்கா எழும்பி வருகிறது. அங்கே வேலைக்குச் செல்லப்போகிற உதவியாளர்களும் துப்புரவு செய்கிறவர்களும் காவல் காக்கிறவர்களும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கப்படுவார்கள். அவர்களுக்குச் சங்கம் அமைய எத்தனை ஆண்டாகுமோ, அதற்குப் பிறகுதான் தீர்ப்பாயத்தின் கதவு திறக்கும். அதுவரையில் அவர்களுக்குள்ள ஒரே பாதுகாப்பு அரசிதழில் அச்சாகும் அந்தத் தொகைதான். முதல் ஆலை ஆட்களை எடுக்கத் தொடங்கும் முன்னர், அந்தத் தொகைக்குப் பக்கத்தில் அரிசியின் விலையும், துணியின் அளவும், வாடகையும், படிப்புச் செலவும், வந்து சாட்சி சொன்ன பெண்கள் கொடுத்த கணக்கும் தமிழில் அச்சாகி, நல்லம்பள்ளி வட்டாட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.